‘ஹோல்ட் அப்’ எங்கே தாமதம், எங்கே தாக்குப்பிடிப்பது?

வணக்கம் நண்பர்களே. கிருஷ்ணகிரியில் ஒரு மாங்கூழ் ஆலையில் ஏற்றுமதி மெயில்களைப் பார்ப்பது என் வேலை. பெங்களூரா மாங்காய் சீசன் தொடங்கிவிட்டால் ‘ஹோல்ட் அப்’ இல்லாத மெயிலே அபூர்வம்.

‘தி கன்டெய்னர் இஸ் ஹெல்ட் அப் அட் தி போர்ட்’ என்றால் துறைமுகத்தில் தாமதமாகி நிற்கிறது. சரி. அதை எழுதிய அதே ஆள் அடுத்த மெயிலில் ‘பிரைசஸ் ஆர் ஹோல்டிங் அப்’ என்கிறார். இங்கே எதுவும் தடைபடவில்லை, விலை இறங்காமல் தாக்குப்பிடிக்கிறது. போதாததற்கு, விழாமல் தாங்குவது, துப்பாக்கி காட்டி வழிப்பறி செய்வது என்று அகராதி நீள்கிறது. கடைசி அர்த்தம் நம் ஆலைக்கு வேண்டாம்!

‘ரெயின் ஹெல்ட் அப் தி லோடிங்’, ‘ஹெல்ட் தி லோடிங் அப்’ இரண்டும் செல்லும். ‘இட்’ போட்டால் மட்டும் நடுவில்தான் வரவேண்டும்: ‘ஹெல்ட் இட் அப்’. விலை தாக்குப்பிடிக்கும் அர்த்தத்தில் செயப்படுபொருளே வராது. அர்த்தத்தைப் பிரிக்க இந்த அடையாளத்தை நம்பலாமா?

அப்புறம் ‘ஹோல்ட் ஆஃப் ஆன் ஷிப்பிங்’. சரக்கு எங்கும் மாட்டவில்லை, நாமாக அனுப்பாமல் பொறுக்க வேண்டும். லோடிங் பகுதி அண்ணன்களுக்கு இரண்டும் ஒன்றாகவே கேட்கிறது. இதைச் சுருக்கமாகப் புரியவைக்க வழி சொல்லுங்கள்.

வாங்குபவருக்கு நாம் எழுதும்போது ‘ஹெல்ட் அப்’ போடலாமா, ‘டிலேய்டு’தான் முறையா? ஆங்கில ஆசிரியர்கள், ஓசூர் பக்கம் ஏற்றுமதியில் இருப்பவர்கள் கொஞ்சம் உதவுங்கள். நிஜ மெயில் வாக்கியங்கள் இருந்தால் பெயரை நீக்கிவிட்டுப் போடுங்கள்.