ஜெபித்த பிறகும் பாரம் இறங்கவில்லையே?

கேள்வி:
ஸ்தோத்திரம். மத்தேயு 11:28 இளைப்பாறுதல் தருவேன் என்கிறது. ஆனால் ராத்திரி ஜெபித்து எழுந்ததுமே அதே கடன் கவலை வந்து உட்கார்ந்துகொள்கிறது. விசுவாசக் குறைவா? நடைமுறையில் என்ன செய்வது?

பதில் 1:
29-ம் வசனத்தையும் சேர்த்து வாசியுங்கள் பிரதர், அங்கே இயேசு தம்முடைய நுகத்தை ஏற்றுக்கொள்ளச் சொல்கிறார். பொறுப்பு போகாது, தனியாக இழுப்பதுதான் நின்றுபோகும்.

கவலைப்படாமல், ஸ்தோத்திரத்தோடே (நன்றியோடு) விண்ணப்பங்களைத் தேவனுக்குத் தெரியப்படுத்தச் சொல்லும் பிலிப்பியர் 4:6-ஐ அப்படியே செய்து பாருங்கள். "கடனைப் பாரும் ஆண்டவரே" என்று மொத்தமாகச் சொன்னால் மனசு விடாது. எந்தத் தவணை, எந்தத் தேதி, எவ்வளவு குறைகிறது என்று சொல்லிக் கேளுங்கள். ஸ்தோத்திரத்தைத்தான் பலரும் விட்டுவிடுகிறோம். முன்பு கிடைத்த நன்மைகள் இரண்டு மூன்றையாவது சொல்லாவிட்டால், ஜெபமே கவலையை மறுபடி ஓட்டிப் பார்ப்பதாகிவிடும். நாளைக்குச் செய்யவேண்டிய ஒரே ஒரு காரியத்தை எழுதி வைத்துவிட்டுப் படுங்கள்.

பதில் 2:
யாத்திராகமம் 16 இதற்கு நல்ல பாடம். வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்குக் கர்த்தர் கொடுத்த உணவான மன்னா, ஒரு நாளைக்குத் தலைக்கு ஒரு ஓமர் என்ற அளவு, ஏறக்குறைய 2 லிட்டர். பயந்து மறுநாளைக்கு வைத்தது பூச்சி பிடித்து நாறியது. ஓய்வுநாளுக்காக ஆறாம் நாளில் சேர்த்த இரண்டு ஓமரோ கெடவில்லை, ஏனென்றால் அதை வைக்கச் சொன்னவர் கர்த்தர். ஆகவே சேமிப்பு, பட்ஜெட் எல்லாம் அவிசுவாசம் அல்ல. ஓய்வுநாளுக்கு முந்தின நாளே சமைத்து வைத்தார்கள் என்பதையும் கவனியுங்கள். நம் ஞாயிற்றுக்கிழமை ஓட்டத்துக்குப் பாதிக் காரணம் சனிக்கிழமைதான்!

பதில் 3:
விசுவாசக் குறைவு என்று சட்டென்று முத்திரை குத்தவேண்டாம். சூரைச்செடியின் கீழ் சோர்ந்துபோய், சாக விரும்பி "போதும்" என்ற எலியா தீர்க்கதரிசிக்கு (1 இராஜாக்கள் 19) தூதன் பிரசங்கம் பண்ணவில்லை. சுட்ட அடை, தண்ணீர், மறுபடி தூக்கம், மறுபடி சாப்பாடு. வாரக்கணக்கில் தூக்கமே இல்லையென்றால் டாக்டரையும் பாருங்கள்.