ஈரோட்டு வீட்டுக் குழு: காய்கறியை நிறுத்த வேண்டாம்

சரோஜா: இவருடைய இரத்தப் பரிசோதனை முடிவு வந்துவிட்டது. சிறுநீரகம் தளர்ந்ததைக் காட்டும் கிரியாட்டினின் 2.1, பொட்டாசியம் 5.4, இரண்டும் அதிகம். பொட்டாசியத்தைக் குறைக்கச் சொன்னார் டாக்டர். காய், பழம், பருப்பு எல்லாவற்றையும் நிறுத்திவிட்டேன். வெள்ளைச் சோறும் ரசமும்தான் போடுகிறேன்.

பழனிச்சாமி: அண்ணி, வாழைத்தண்டுச் சாறு சிறுநீரகத்துக்கு நல்லது என்கிறார்கள். அண்ணனுக்குத் தினமும் ஒரு டம்ளர் கொடுத்துப் பாருங்கள்.

மீனா: சித்தப்பா, தயவுசெய்து வேண்டாம். வாழைத்தண்டைச் சிறுநீரகக் கல் உள்ளவர்களுக்குத்தான் சொல்வார்கள். பெரியப்பாவுக்குப் பொட்டாசியம் ஏற்கெனவே அதிகம். சாறாகக் குடித்தால் இன்னும் ஏறும். இளநீரும் கூடாது.

மீனா: பெரியம்மா, அவருக்கு மலம் ஒழுங்காகப் போகிறதா?

சரோஜா: எங்கே கண்ணு, மூன்று நாளாகவே சிரமப்படுகிறார்.

மீனா: அதைத்தான் பயந்தேன். சிறுநீரகம் தளர்ந்தால் உடல் பொட்டாசியத்தில் ஒரு பங்கைக் குடல் வழியாக வெளியேற்றும். மலச்சிக்கல் வந்தால் அந்த வழியும் அடைபடும்.

செந்தில்: மீனா, டாக்டர் அப்பாவின் இதயத்தையும் இரத்தக்குழாயையும் பற்றித்தான் அதிகம் பேசினார். சிறுநீரகத்துக்கும் அதற்கும் என்ன தொடர்பு?

மீனா: சிறுநீரக நோயில் டயாலிசிஸுக்கு முன்பே வந்து நிற்பது இதய நோய்தான் அண்ணா. செரிக்காமல் பெருங்குடலுக்குப் போகும் புரதத்தை அங்குள்ள பாக்டீரியாக்கள் சிதைக்கின்றன. அதில் பிறப்பவை கல்லீரலுக்குப் போய் இண்டாக்சில் சல்பேட், பி-கிரெசில் சல்பேட் என்ற நச்சுகளாகின்றன. நல்ல சிறுநீரகம் அவற்றைச் சிறுநீரில் தள்ளிவிடும். தளர்ந்த சிறுநீரகத்தால் முடியாது. அவை தேங்கி இரத்தக்குழாயின் உட்சுவரைக் கெடுக்கின்றன. குழாய் விறைக்கவும், சுவரில் கால்சியம் படியவும் அவை துணைபோகின்றன. இரத்தத்தில் உள்ள அல்புமின் என்ற புரதத்தோடு ஒட்டிக்கொண்டிருப்பதால் டயாலிசிஸாலும் சரியாக நீக்க முடிவதில்லை.

செந்தில்: அப்படியென்றால் என்னதான் வழி?

மீனா: அந்த நச்சுகளுக்கான மூலப்பொருள் குடலிலேயே உண்டாவதைக் குறைக்க வேண்டும். பாக்டீரியாக்களுக்கு நார்ச்சத்து கிடைத்தால் புரதத்தைச் சிதைப்பது குறையும். நாரிலிருந்து அவை பியூட்டிரேட் போன்ற அமிலங்களைத் தரும். அந்த அமிலங்கள் குடல் சுவரைக் காக்கும். அமெரிக்கத் தேசிய சுகாதாரக் கணக்கெடுப்பை வைத்து 2012இல் ஓர் ஆய்வு வந்தது. சிறுநீரக நோய் உள்ளவர்களிடம் நாளொன்றுக்கு 10 கிராம் நார்ச்சத்து கூடும்போது, சி.ஆர்.பி. என்ற அழற்சி அளவு உயர்ந்திருக்கும் வாய்ப்பு 38 சதவீதம் குறைவு. நோய் இல்லாதவர்களிடம் 11 சதவீதம்தான். தொடர்பைக் காட்டும் ஆய்வு, காரணத்தை நிரூபித்ததல்ல. ஆனாலும் பெரியப்பா தட்டிலிருந்து நாரை எடுத்துவிட எனக்கு மனம் வரவில்லை.

வாசுகி: அண்ணனுக்குக் கேழ்வரகுக் களி பிடிக்குமே, கொடுக்கலாமா?

மீனா: இப்போது வேண்டாம் அத்தை. 100 கிராம் கேழ்வரகில் நார்ச்சத்து 11 கிராம், ஆனால் பொட்டாசியமும் 440 மி.கி. அளவில் இருக்கிறது. சாமையில் நார்ச்சத்து 7 கிராமுக்கு மேல், பொட்டாசியம் 100 மி.கி. அளவுதான். தீட்டிய அரிசியில் நார்ச்சத்து 3 கிராம்கூட இல்லை. ஒரு வேளை சாமைச் சோறு வையுங்கள்.

சரோஜா: காய்க்கு என்ன செய்வது?

மீனா: சுரைக்காய், பீர்க்கங்காய், கோவைக்காய், முட்டைகோஸ். பொடியாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுத் தாளியுங்கள். பொட்டாசியத்தில் ஒரு பகுதி தண்ணீரோடு போய்விடும், நார் காயிலேயே தங்கும். ரசத்தைக் குறையுங்கள் பெரியம்மா, புளியும் தக்காளியும் பொட்டாசியம் உள்ளவை.

கந்தசாமி: மீனா, கொல்லையில் கொய்யா பழுத்துத் தொங்குகிறது. சாப்பிடலாமா?

மீனா: பொட்டாசியம் இறங்கட்டும் பெரியப்பா. அதன்பிறகு பாதிப் பழம், டாக்டரைக் கேட்டுவிட்டு. இப்போதைக்கு ஒரு சிறிய ஆப்பிள் போதும்.

பழனிச்சாமி: மலச்சிக்கலுக்கு இசப்கோல் உமி வாங்கி வரட்டுமா?

மீனா: கொடுக்கலாம் சித்தப்பா, ஆனால் அதற்குத் தண்ணீர் நிறைய வேண்டும். அவருக்குக் கால் வீங்குகிறதே, எவ்வளவு தண்ணீர் குடிக்கலாம் என்று டாக்டர் சொல்லட்டும். மருந்து எதையும் நீங்களாக நிறுத்த வேண்டாம்.

மீனா: இன்னொன்று. வீட்டில் சோடியம் குறைந்த உப்பு இருக்கிறதா?

சரோஜா: இருக்கிறது. இரத்த அழுத்தத்துக்கு நல்லது என்று போன மாதம் முதல் அதுதான்.

மீனா: பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். பொட்டாசியம் குளோரைடு என்று போட்டிருந்தால் அவருக்கு அது ஆகவே ஆகாது. சாதாரண உப்பையே குறைவாகப் போடுங்கள்.

சரோஜா: போட்டிருக்கிறது கண்ணு. இப்போதே எடுத்து வைத்துவிட்டேன்.

செந்தில்: அடுத்த வாரம் பொட்டாசியத்தை மறுபடி பார்த்துவிடலாம் அம்மா. ஆய்வகத்துக்கு நான் அழைத்துப் போகிறேன்.