தலசீமியா: தங்கையின் தொப்புள்கொடி ரத்தம் போதுமா?

திருச்சியிலிருந்து எழுதுகிறேன். மகனுக்கு 5 வயது, எடை 17 கிலோ, தலசீமியா மேஜர் (ரத்தம் சரியாக உருவாகாத பரம்பரை நோய், தீவிர வகை). 9 மாதக் குழந்தையாக இருந்தபோதே தெரிந்துவிட்டது. மூன்று வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்றுகிறோம், அதனால் உடம்பில் சேரும் இரும்புச்சத்தைக் குறைக்க தினமும் மாத்திரை.

மகள் பிறந்து 8 மாதம். மகனுக்கு மாற்று சிகிச்சையில் ஏற்றலாம் என்று அவளுடைய தொப்புள்கொடி ரத்தத்தைத் தனியார் வங்கியில் சேமித்திருக்கிறோம். ஹெச்எல்ஏ (மாற்று சிகிச்சைக்குப் பார்க்கும் திசு வகை) முழுப் பொருத்தம்! நாலில் ஒரு வாய்ப்புதான், கிடைத்துவிட்டது. (மகன் பிறந்தபோதே சேமித்திருக்கலாமே என்கிறார்கள் உறவினர்கள். அவன் ரத்தத்திலும் அதே மரபணுக் கோளாறுதானே இருக்கும்!)

சிக்கல் அளவில். ரிப்போர்ட்டில் மொத்தம் 38 கோடி செல்கள், அதாவது மகனின் எடைக்குக் கிலோவுக்கு 2.2 கோடி. குறைந்தது 3 கோடி வேண்டும் என்கிறார் டாக்டர். வங்கியில் கேட்டால் 'தாராளமாகப் போதும் சார்' என்கிறார்கள். விற்றவர்கள் வேறென்ன சொல்வார்கள்? இரண்டாவது டாக்டர், மகள் வளர்ந்ததும் அவளிடம் கொஞ்சம் எலும்பு மஜ்ஜையும் எடுத்து இரண்டையும் சேர்த்து ஏற்றலாம் என்கிறார். அதற்குள் மகனின் எடையும் கூடும், இரும்பும் சேரும்.

இப்படித் தொப்புள்கொடி ரத்தத்தோடு மஜ்ஜையும் சேர்த்து மாற்று சிகிச்சை செய்தவர்கள் இங்கே இருந்தால், தானம் தந்த குழந்தைக்கு அப்போது என்ன வயது, எத்தனை கிலோ?