கார் லோன் எடுக்கலாமா? எடுத்தவங்க அனுபவம் சொல்லுங்க

பல்லடத்துக்காரன்:

வணக்கம்ங்க. திருப்பூர்ல ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில அக்கவுண்ட்ஸ் பாக்கறேன். பிடித்தம் போக கைக்கு 46 ஆயிரம் வருதுங்க. சொந்த வீடு, வாடகை இல்லை. அப்பாவுக்கு முழங்கால் தேய்மானம், பஸ் படி ஏற முடியறதில்லை. கோயமுத்தூர் ஆஸ்பத்திரிக்கு அடிக்கடி போக வேண்டியிருக்கு, கால் டாக்ஸிக்கே காசு கரையுது. சின்ன கார் ஒண்ணு பாத்திருக்கோம். 2025 செப்டம்பர்ல சின்ன கார் ஜிஎஸ்டி 18 சதவீதத்துக்கு இறங்கினதுக்கப்புறம் எக்ஸ் ஷோரூம் 7 லட்சம், ரோடு டாக்ஸ், இன்சூரன்ஸ் எல்லாம் சேர்த்து ஆன் ரோடு 8.20 லட்சம் சொல்றாங்க. பேங்க்ல 7 லட்சம், 9 சதவீத வட்டி, 7 வருஷம் தர்றோம்ங்கறாங்க. டியூ 11,262. வீட்டம்மா "கட்டிரலாம்"ங்கறா. அப்பா "கடன்ல கார் எதுக்குடா, அம்மா நகையை வெச்சு எடு"ங்கறார். எனக்கு ரெண்டுலயும் மனசு நிக்கல.

லோன் டெஸ்க்:

நான் பேங்க்ல லோன் போடுற சீட்லயே உக்காந்திருக்கிறவன். பேங்க் பேர் வேண்டாம்.

உங்க 11,262-ஐ 84 மாசத்தால பெருக்குங்க. 9 லட்சத்து 46 ஆயிரம் வரும். அதாவது வட்டி மட்டும் 2.46 லட்சம். அதே கடனை 5 வருஷத்துக்குப் போட்டா டியூ 14,531, வட்டி 1.72 லட்சம். ஷோரூம்ல இதைப் பேச மாட்டாங்க. "மாசம் எவ்வளவு கட்ட முடியும் சார்?"னு ஒரே கேள்வி. நீங்க ஒரு தொகை சொன்னா, அதுக்குத் தோதா வருஷத்தை இழுத்துவிட்டுருவாங்க.

நான் சொல்ல வந்தது வட்டியைப் பத்தி இல்லை. 7 வருஷக் கடன்ல 3 வருஷம் ஒழுங்கா கட்டி முடிச்ச பிறகும் அசல் 4.53 லட்சம் பாக்கி நிக்கும். ஆரம்பத்துல கட்டுற டியூவுல கிட்டத்தட்ட பாதி வட்டிக்கே போயிரும். இன்னொரு பக்கம் இன்சூரன்ஸ்ல வண்டிக்குப் போடுற மதிப்பு இருக்கே, ஐடிவி, அது வழக்கமான தேய்மானக் கணக்குப்படி நாலாவது வருஷம் எக்ஸ் ஷோரூம்ல 40 சதவீதம் கழிஞ்சு 4.20 லட்சத்துக்கு வந்துரும். அந்த நேரத்துல வண்டி சரிபண்ணவே முடியாம டோட்டல் லாஸ் ஆனா, கிளெய்ம் பணம் முதல்ல கடன் கொடுத்தவனுக்குத்தான் போகும். அது பத்தாம மீதியை நீங்க கைக்காசுல கட்டணும்.

இது ஏட்டுக் கணக்கு இல்லை. ஒரு கஸ்டமர், ஹைவேயில வண்டி நொறுங்கிப் போச்சு, நல்லவேளை ஆளுக்கு ஒண்ணும் ஆகல. கிளெய்ம் வந்தும் கடன் முடியல. என் முன்னாடி உக்காந்து "வண்டியே இல்லை, எதுக்கு சார் டியூ?"ன்னு கேட்டார். அவர் கேட்டது நியாயம்னு எனக்கே தோணுச்சு. ஆனா அக்ரிமெண்ட்ல அவர் கையெழுத்து இருக்கு. அதுக்கப்புறம் முன்பணம் கம்மியா, வருஷம் நீளமா கேட்டு யார் வந்தாலும் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டிட்டுத்தான் ஃபாரத்தை நீட்டுறேன். மேனேஜருக்கு அது பிடிக்கிறதில்லை.

இன்னொண்ணு. 2024 அக்டோபர் 1-லிருந்து ரிசர்வ் வங்கி விதிப்படி கீ ஃபேக்ட்ஸ் ஸ்டேட்மெண்ட்னு ஒரு தாள் தரணும், உங்களுக்குப் புரியுற மொழியில. அதுல ஏபிஆர்னு ஒரு சதவீதம் இருக்கும், பிராசஸிங் ஃபீஸ் மாதிரி செலவையும் சேர்த்தது. நாலு இடத்துல விசாரிக்கிறப்ப அதை வெச்சு ஒப்பிடுங்க. முன்கூட்டியே அடைச்சா எவ்வளவு பிடிப்பாங்கன்னும் பாத்துக்கங்க. கார் லோன் பெரும்பாலும் நிலையான வட்டி, அதனால ஃபோர்குளோஷர் கட்டணம் இருக்கலாம்.

ஒட்டன்சத்திரம் குட்டியானை:

அண்ணே, லோன்னாலே பயப்பட வேணாம். நான் என் குட்டியானை லோடு வண்டியை லோன்லதான் எடுத்தேன். மார்க்கெட்ல காய் ஏத்துறேன், வண்டியே அதோட டியூவைக் கட்டிக்குது. ஆனா ஒண்ணு, மழை அடிச்சு ஊத்துனா சரக்கு வராது, வாடகை வராது, டியூ தேதி மட்டும் டாண்ணு வந்துரும். செக் ரிட்டர்ன் ஆனா அதுக்கு ஒரு சார்ஜ் வேற. அதனால ரெண்டு டியூ பணம் எப்பவும் தனியா கிடக்கும், வீட்ல கேட்டாக்கூட குடுக்க மாட்டேன். டயரு, எஃப்சி (வண்டி ஓடத் தகுதின்னு தர்ற சான்று) செலவு வேற. லோடு வண்டிக்கு முதல் 8 வருஷம் ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா எஃப்சி, அப்புறம் வருஷா வருஷம். உங்க காரு சம்பாதிக்காது, உங்க சம்பளம்தான் அதையும் சேத்துத் தூக்கணும். அதை மனசுல வெச்சுக்கங்க.

என் மச்சான் பைக் கதையையும் சொல்லிர்றேன். 1 லட்சம், 3 வருஷம், "9 பர்சன்ட்தான்"னு சொல்லிக் குடுத்தாங்க. டியூ 3,528. பய சந்தோஷமா கையெழுத்துப் போட்டான். அது ஃபிளாட் வட்டி. அசல் குறையக் குறைய வட்டி குறையாது, கடைசி மாசம் வரைக்கும் முழு லட்சத்துக்கும் வட்டி. பேங்க் கணக்குல பாத்தா 16 சதவீதத்துக்கு மேல வருது.

லோன் டெஸ்க்:

கணக்கு சரி. "ஃபிளாட் வட்டியா, குறையுற அசலுக்கு மட்டும் வட்டியா?"ன்னு கேட்டாலே பாதிப் பேர் பேச்சை மாத்துவாங்க.

தேனி டீச்சர்:

நகை பத்தி யாரும் சொல்லலையே. நான் ஸ்கூட்டருக்கு நகையை வெச்சேன். நல்லது என்னன்னா ஆர்சியில எச்.பி. (வண்டி மேல கடன் இருக்குங்கற பதிவு) ஏறாது, கையில காசு வரும்போதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமா அடைக்கலாம். கெட்டதும் அதுலதான். மாசா மாசம் கட்டணும்னு கட்டாயம் இல்லாததால யாரும் கட்டுறதில்லை. பெரும்பாலும் ஒரு வருஷக் கெடு, வட்டியை மட்டும் கட்டித் திருப்பி வைப்பாங்க, அசல் அப்படியே இருக்கும். எங்க ஸ்டாஃப் ரூம்ல பாதிப் பேர் நகை இப்படித்தான் வருஷக்கணக்கா பேங்க்ல தூங்குது. ஸ்கூட்டர் அளவு தொகைன்னா சரி. 7 லட்சத்துக்கு நகையை வைக்கச் சொன்னா நான் மாட்டேன். அம்மாகிட்ட கேட்டீங்களா தம்பி? நகை அவங்களோடது.

யாழ்ப்பாணத்தில இருந்து:

இஞ்ச வங்கிக் கடனை விட லீசிங்தான் கனபேர் எடுக்கிறவை. தவணை முடியும் வரைக்கும் வாகனத்தின்ர முழு உரிமை கொம்பனிக்குத்தான். 2020 மார்ச்சில வாகன இறக்குமதியை நிப்பாட்டினவை, கார் திரும்ப வர 2025 பெப்ரவரி ஆச்சு. இடையில பழைய கார் ஆனை விலை குதிரை விலை. என்ர சிநேகிதன் ஒருத்தன் லீசிங்கில எடுத்த வானை ஓடி முடிச்சு, எடுத்த விலையை விடக் கூட்டி வித்தவன். 2022 ஏப்ரலில மத்திய வங்கி கொள்கை வட்டியை ஒரேயடியா 7 வீதப் புள்ளி கூட்டினது. அதுக்குப் பிறகு லீசிங் எடுக்கப் போன என்ர தம்பி தவணையைக் கேட்டிட்டு வாய் பேசாமல் திரும்பி வந்திட்டான். வட்டி நிலையா இருக்குமெண்டால் அதுவே உங்களுக்குப் பெரிய ஆறுதல்.

மதுரை:

செகண்ட் ஹேண்ட் பாக்குறவங்களுக்கும் ஒண்ணு. நான் வாங்கப் போன வண்டிக்கு ஓனர் "லோன் எப்பவோ முடிஞ்சிருச்சு"ன்னு சத்தியம் பண்ணாரு. ஆர்சியைப் பாத்தா எச்.பி. அப்படியே இருக்கு. கடன் முடிஞ்சா மட்டும் போதாது. பேங்க்ல என்ஓசியும் (கடன் பாக்கி இல்லைங்கற கடிதம்) ஃபார்ம் 35-ம் வாங்கி ஆர்டிஓ-ல குடுத்து எச்.பி.யை கேன்சல் பண்ணணும். அந்த என்ஓசிக்கு 3 மாசம்தான் கெடு, அவரு பீரோவுலயே வெச்சு மறந்துட்டாரு. புதுசா வாங்கித் தந்த பிறகுதான் அட்வான்ஸ் குடுத்தேன்.

பல்லடத்துக்காரன்:

எல்லார்த்துக்கும் நன்றிங்க. லோன் டெஸ்க் அண்ணன் சொன்ன 4.53 லட்சத்தை நானும் எக்ஸெல்ல போட்டுப் பாத்தேன், அதே எண்தான் வருது. அக்கவுண்ட்ஸ்காரன் எனக்கே அந்தப் பக்கம் புத்தி போகலை.

டீச்சர் சொன்ன மாதிரி அம்மாகிட்டயே கேட்டேன். "என் நகையைப் பத்தி நீங்க ரெண்டு பேரும் பேசிட்டிருக்கீங்களா?"ன்னு ஒரு முறை முறைச்சாங்க. நகைப் பேச்சு அதோட முடிஞ்சுது.

இப்ப முடிவு இதுதாங்க. தை மாசம் சீட்டு முடியுது, அதையும் சேமிப்பையும் சேர்த்து 3.20 லட்சம் முன்பணம். 5 லட்சம் மட்டும் கடன், 4 வருஷம். டியூ 12,442, வட்டி மொத்தம் 97 ஆயிரம் சொச்சம். பேங்க் முதல்ல சொன்னதைவிட மாசம் 1,180 ரூபாய்தான் கூட. தை வரைக்கும் அந்த 12,442-ஐ மாசா மாசம் ஆர்டி-ல போட்டுப் பழகிக்கறேன், அதுவே குட்டியானை அண்ணன் சொன்ன ரெண்டு டியூ கையிருப்பாவும் ஆயிரும். நடுவுல ஏதாவது ஒரு மாசம் போட முடியலைன்னா கார் இன்னும் தள்ளிப் போகும், அதுவரைக்கும் கால் டாக்ஸிதான்.

அப்பாவுக்குத்தான் கொஞ்சம் வருத்தம். கலர் உங்க இஷ்டம்னு சொல்லிட்டேன். வெள்ளைதான் வேணுமாம்.

ஒட்டன்சத்திரம் குட்டியானை:

வெள்ளை எடுங்கண்ணே, விக்கும்போது சீக்கிரம் போகும்.