உல்லன் பந்து செய்தவர்கள் அனுபவம் சொல்லுங்கள்

திருநகர்க்காரி:
போன நவராத்திரிக்குக் கொலுப்படிக்கு மேலே கட்டலாம் என்று ஒரு பேன்சி கடையில் புசுபுசு என்றிருக்கும் உல்லன் பந்துத் தோரணம் வாங்கினேன். ஃபேன் காற்றுக்கே நூல் நூலாகக் கொட்டியது. விஜயதசமிக்குள் பந்து பாதியாகிவிட்டது. காரணம் தெரிந்தே ஆகவேண்டும் என்று ஒன்றைப் பிரித்துப் பார்த்தேன். நடுவில் கட்டியிருந்ததும் அதே உல்லன் நூல்தான். அது இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கும். அதில் போட்ட முடிச்சு எப்படி நிற்கும்?

அதற்கப்புறம் வீட்டிலேயே செய்ய ஆரம்பித்தேன். பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையில் இரண்டு வட்டம் வெட்டி, நடுவில் மூன்றில் ஒரு பங்கு அகலத்துக்கு ஓட்டை போட்டுக்கொள்வேன். இரண்டையும் ஒன்றாகப் பிடித்து ஓட்டை அடைபடும்வரை நூலைச் சுற்றுவேன். இங்கே கஞ்சத்தனம் கூடாது. சுற்று குறைந்தால் பந்து மொட்டையாகத்தான் வரும். பிறகு விளிம்பில் இரண்டு அட்டைக்கும் நடுவே கத்தரியை விட்டு வெட்டி, அதே இடைவெளியில் கெட்டி நூலை ஓட்டிக் கட்டவேண்டும். கட்டியபிறகுதான் அட்டையைக் கிழித்து எடுக்கவேண்டும். நான் கட்டுவது தையல் மிஷின் நூல், நாலு இழை சேர்த்து. பரவாயில்லாமல் நிற்கிறது. இதைவிட நல்ல வழி இருந்தால் சொல்லுங்கள்.

அலங்காநல்லூர் காளை வீடு:
அக்கா, எங்கள் வீட்டில் இது கொலுவுக்கு இல்லை, மாட்டுப் பொங்கலுக்கு. காளை நெற்றிக்கும் கழுத்துக்கும் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று குஞ்சமும் பந்தும் வீட்டிலேயே கட்டுவோம். காளைக்குக் கட்டினால்தான் முடிச்சின் லட்சணம் தெரியும். தலையை ஒரு சிலுப்பு சிலுப்பும், கட்டுத்தறியில் நெற்றியை உரசும். சுமாரான முடிச்சு பொங்கல் பானை இறங்குவதற்குள் அவிழ்ந்துவிடும்.

அப்பா சாக்கு தைக்கிற சணல் நூலால்தான் கட்டுவார். சொரசொரப்பாக இருப்பதால் உல்லனைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும். நான் ஒருமுறை தூண்டில் நரம்பு பலமானதாச்சே என்று எடுத்துக் கொடுத்தேன். பார்த்த உடனேயே வேண்டாம் என்றார். அறாது, ஆனால் வழுக்கும். பலம் வேறு, பிடிப்பு வேறு.

இன்னொன்று. சாயங்காலம் ஊர்ப் பார்வை முடிந்ததும் எல்லாவற்றையும் கழற்றிவிடுவோம். பக்கத்து மாடோ ஆடோ பந்தைக் கடித்து விழுங்கினால் அந்த நூல் செரிக்காது, குடலில் போய் அடைத்துக்கொள்ளும். அழகுக்கு ஆசைப்பட்டு வைத்தியரிடம் ஓடக்கூடாது.

செல்லூர் டீச்சர்:
சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீட்டுக்கும் அதே எச்சரிக்கைதான். வகுப்பில் உல்லன் பந்தால் கோழிக்குஞ்சு செய்யச் சொல்வேன். அட்டை எல்லாம் கிடையாது, இடது கையின் நாலு விரலில் நூறு சுற்று. நடு விரலுக்கும் மோதிர விரலுக்கும் இடையே நூலை விட்டுக் கட்டி, உருவி எடுத்து, வளையங்களை வெட்டினால் முடிந்தது. விரல் சிவக்கும் அளவுக்கு இறுக்கிச் சுற்றுகிற பிள்ளைகள்தான் அதிகம். இழுபட்ட உல்லன் வெட்டியதும் சுருங்கி, பந்து எதிர்பார்த்ததைவிடச் சின்னதாக வரும். தொய்வாகச் சுற்றச் சொல்லுங்கள்.

தையல்கடை:
மாமா மதுரைப் புதுமண்டபத்தில் தையல் மிஷின் போட்டிருந்தவர். கடைகளைக் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றியபோது அவரும் மாறிவிட்டார். சித்திரைத் திருவிழா நெருங்கினால் அழகர் வேடத்துக்கான உடுப்புத் தையல் அவருக்கு ராத்திரி பகலாக ஓடும். அதன் ஓரத்துக்குப் பந்து வேண்டும் என்று கேட்கிறவர்களுக்காக நானும் சேர்ந்து கட்டுவேன். வேடம் கட்டியவர்கள் தோல் பையிலிருந்து தண்ணீர் பீய்ச்சுவார்கள் இல்லையா, பந்து அன்று முழுக்க நனையும். பருத்தி நூலில் செய்தால் தண்ணீரைக் குடித்துக் கனத்துத் தொங்கும். நாம் உல்லன் என்று வாங்குவதில் பெரும்பாலும் கம்பளி கிடையாது, அக்ரிலிக் என்ற செயற்கை நூல்தான். அது தண்ணீரை அதிகம் உறிஞ்சாது. உதறிவிட்டால் சீக்கிரம் காய்ந்து பழையபடி நிமிர்ந்துகொள்ளும். நிஜக் கம்பளியை நனைத்துக் கசக்கினால் சிக்குப்பிடித்துக் கட்டியாகிவிடும்.

எது எது என்று சந்தேகம் வந்தால் ஒரு துண்டு நூலை இடுக்கியில் பிடித்துக் கொளுத்திப் பாருங்கள். கம்பளி முடி கருகிய வாடை அடிக்கும், சாம்பல் கையில் நொறுங்கும். அக்ரிலிக் உருகி, ஆறியதும் கெட்டி மணியாகும். அதனால்தான் கொலுவில் குத்துவிளக்குக்கு மேலே இந்தத் தோரணத்தைக் கட்டவே கூடாது என்பேன்.

நிறைய வேண்டுமானால் அட்டையை விட்டுவிடுங்கள். பிளாஸ்டிக் ஸ்டூலைக் கவிழ்த்து, இரண்டு காலுக்கும் சேர்த்து நூலைக் கத்தையாகச் சுற்றுங்கள். இரண்டு பக்கமும் 2 அங்குலத்துக்கு ஒரு முடிச்சு போட்டுக்கொண்டே போய், முடிச்சுக்கும் முடிச்சுக்கும் நட்டநடுவில் வெட்டினால் 2 அங்குலப் பந்துகள் வரிசையாகக் கிடைக்கும். ஒரே அளவு. கடைசியில் கத்தரியால் உருண்டையாக வெட்டிவிடுவதில்தான் நேரம் போகும். அதில் அவசரப்பட்டவன் பந்து எல்லாம் எலுமிச்சங்காய் மாதிரி கோணிக்கொண்டு நிற்கும்.

முனிச்சாலை:
நாங்கள் சௌராஷ்டிரா. பாட்டி சுங்குடி முடிச்சு போட்டே குடும்பம் நடத்தியவர். துணியை நகத்தால் கிள்ளி, நூலைச் சுற்றி ஒரு இழு இழுப்பார், அவ்வளவுதான். ஆனால் அந்தக் கட்டு வேறு சமாச்சாரம். சாயம் ஏறிக் காய்ந்ததும் துணியை இழுத்தால் கட்டு கழன்று வந்துவிடவேண்டும். பந்துக்கு நேர் எதிர், கழலவே கூடாது. நான் உல்லன் பந்து கட்டுவதைப் பார்த்துவிட்டு அவரேதான் திருத்தினார். முதல் முடிச்சில் நூலை ஒருதரம் நுழைப்பதற்குப் பதில் இரண்டுதரம் நுழைத்து இழுக்கச் சொன்னார். அப்படிப் போட்டால், அடுத்த முடிச்சுக்காகக் கையை எடுக்கும்போது முதல் முடிச்சு தளராது. நம் பந்துகள் கெடுவதே அந்த ஒரு நொடியில்தான். பிறகு நூலைப் பின்பக்கம் கொண்டுபோய் அங்கேயும் ஒரு முடிச்சு.

நூல் விஷயத்தில் நான் சணலுக்கும் போகமாட்டேன், வெளிர் நிறப் பந்தில் பழுப்பாக எட்டிப் பார்க்கும். மெழுகு ஏற்றிய செருப்பு தைக்கிற நூல்தான். வழுக்காது, அறாது. முடிச்சு போட்டபின் வால் நூலை ஒட்ட வெட்டாதீர்கள், தோரணத்தில் கோக்க அதுதான் வேண்டும்.

ஆவியில் காட்டினால் பந்து புசுபுசு என்று வரும் என்று சிலர் சொல்வார்கள். கம்பளிக்குச் சரி. அக்ரிலிக்கை இட்லிப் பானை ஆவியில் ரொம்ப நேரம் பிடித்தால் நூல் துவண்டு போய்விடும், திரும்ப நிமிராது. கையில் உருட்டி உதறினாலே போதும்.

திருநகர்க்காரி:
இரண்டுதரம் நுழைக்கிற முடிச்சை இப்போதே மிஷின் நூலில் போட்டுப் பார்த்தேன். கையை எடுத்தாலும் அப்படியே நிற்கிறது. ஸ்டூல் வேலையை ஞாயிற்றுக்கிழமை வைத்துக்கொள்கிறேன். முனிச்சாலை அக்கா, அந்தச் செருப்பு நூல் எங்கே வாங்குகிறீர்கள்? பேன்சி கடையில் கேட்டால் விழிக்கிறார்கள்.

முனிச்சாலை:
கடைக்கெல்லாம் போகவேண்டாம்மா. உங்கள் தெருமுனையில் செருப்பு தைக்கிறவர் இருப்பாரே, அவரிடமே கேளுங்கள். பத்து இருபது ரூபாய்க்கு முழம் போட்டு வெட்டிக் கொடுப்பார்.