மறு: ‘தலைகொய்தல்’ பொருந்துமா?

> ஆயுதக் குழுவின் தலைவரைக் குறிவைக்கும் உத்திக்கு (ஆங்கிலத்தில் ‘leadership decapitation’) ‘தலைகொய்தல்’ என வைத்துவிடலாம். சங்கப் பாடல் மணமும் இருக்கிறது.

வணக்கம் ஐயா. மணம் இருக்கிறது; பொருள்தான் இடிக்கிறது. இந்த உத்தி பலித்ததற்கு முதலில் காட்டப்படும் சான்று பெரு நாட்டின் ‘ஒளிரும் பாதை’ என்ற மாவோயிச ஆயுத இயக்கம். அதன் தலைவர் அபிமாயேல் குஸ்மானை 1992 செப்டம்பர் 12 அன்று லிமாவில், ஒரு நடனப்பள்ளியின் மாடியில் உயிரோடு பிடித்தார்கள். காட்டிக்கொடுத்தது வீட்டுக் குப்பை: அதில் சொரியாசிஸ் என்ற தோல்நோய்க்கான களிம்புக் குழாய்கள் கிடந்தன, குஸ்மானுக்கு அந்த நோய் உண்டென்று போலீசாருக்குத் தெரியும். கோடு போட்ட கைதி உடையில் அவரைக் கூண்டுக்குள் நிறுத்திக் காட்டினார்கள். மறு ஆண்டு சிறையிலிருந்தே சமாதானம் கோரி அவர் கடிதம் எழுத, இயக்கம் பிளந்தது. தலையைக் கொய்திருந்தால் அந்தக் கடிதம் ஏது?

‘தலைமை ஒழிப்பு’ என்றார் இன்னொரு நண்பர். அது விளைவுக்கும் சேர்த்தே வாக்குக் கொடுத்துவிடுகிறது. 1992 பிப்ரவரியில் லெபனானின் ஹிஸ்புல்லா அமைப்புத் தலைவர் அப்பாஸ் அல்-முசாவியை இஸ்ரேல் கொன்றது. அந்த இடத்துக்கு வந்த ஹசன் நஸ்ரல்லா, 2024 செப்டம்பரில் அவரும் கொல்லப்படும்வரை 32 ஆண்டுகள் அமைப்பை நடத்தினார். இதில் ஒழிந்தது எது? தென்னையின் குருத்தை வெட்டினால் மரம் போய்விடும். முருங்கையை வெட்டினால் நாலு கிளை விடும். எது தென்னை, எது முருங்கை என்பதில்தான் ஆய்வாளர்களுக்குச் சண்டையே. பழைய, பெரிய, மத அடித்தளம் உள்ள அமைப்புகள் அடியைத் தாங்கும் என்கிறார் ஜென்னா ஜோர்டன். தலைவரை இழந்த குழுக்கள் சீக்கிரம் மடிகின்றன என்கிறார் பிரையன் பிரைஸ். வழக்கு நடக்கும்போதே நம் சொல் தீர்ப்பு எழுதக் கூடாது.

‘தலைமைப் பறிப்பு’ என்று நானே எழுதிப் பார்த்தேன். மாவட்டச் செயலாளர் பதவி பறிபோன செய்தி போல இருந்தது; விட்டுவிட்டேன்.

என் பரிந்துரை ‘தலைமைத் துண்டிப்பு’. கொன்றாலும் பிடித்தாலும் தலைவருக்கும் குழுவுக்கும் இடையே உள்ள தொடர்பு அறுகிறது. மூலச்சொல்லில் உள்ள வெட்டும் இதில் மிஞ்சுகிறது.

> மின்துண்டிப்பு நினைவுக்கு வராதா?

வரட்டும். துண்டித்த இணைப்பைத் திரும்பக் கொடுப்பதும் உண்டு, பக்கத்து வீட்டிலிருந்து ஒயர் இழுத்துக்கொள்வதும் உண்டு. இரண்டுமே இங்கே பொருந்துகின்றன.

கலைச்சொல் பட்டியலில் ஏற்றும்போது ‘த்’ விடுபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். போன முறை மூன்று சொற்களில் ஒற்று காணாமல் போயிருந்தது.