ஒட்டகத் தலைக்கு அடியில் இன்னொரு காசு: பழைய அமெரிக்கச் செப்புக்காசு சேர்ப்பவர்களின் அனுபவங்கள்

எடிசன், நியூ ஜெர்சி

நான் சேர்ப்பது நியூ ஜெர்சி செப்புக்காசு மட்டும். ஒரு பக்கம் குதிரைத் தலை, அதன் கீழே கலப்பை, சுற்றிலும் ‘நோவா சீசேரியா’ என்று மாநிலத்தின் லத்தீன் பெயர். மறுபக்கம் கேடயமும் ‘இ ப்ளூரிபஸ் யூனம்’ (பலவற்றிலிருந்து ஒன்று) என்ற லத்தீன் வாசகமும். அந்த வாசகத்தோடு வந்த முதல் அமெரிக்கக் காசு இதுதான். 1786 ஜூனில் முப்பது லட்சம் காசு அடிக்கத் தாமஸ் கோட்ஸ்பி, ஆல்பியன் காக்ஸ், வால்டர் மோல்ட் என்ற மூவருக்கு மாநிலம் அனுமதி கொடுத்தது. ஒரு பட்டறை ராவேயில், எங்கள் வீட்டுப் பக்கம்தான். கறாராகப் பார்த்தால் இவை காலனி காலத்துக் காசே இல்லை, விடுதலைக்குப் பிறகு வந்தவை. ஆனால் சேர்ப்பவர்கள் எல்லாவற்றையும் சேர்த்து ‘காலனியல்’ என்றுதான் சொல்கிறார்கள். இருக்கட்டும்.

போன குளிர்காலத்தில் ஒரு நாணயக் கண்காட்சிக்குப் போயிருந்தேன். ஒரு பெரியவரின் கடையில், மலிவு டப்பாவில் ஒரு 1787 காசு கிடந்தது. குதிரையின் மூக்கு வளைந்து ஒட்டகம் மாதிரி இருந்தது. நியூ ஜெர்சி காசின் அச்சு வகைகளுக்கு டாக்டர் எட்வர்டு மாரிஸ் 1881-இல் போட்ட எண் வரிசைப்படி இது 56-என். பெயரே ‘ஒட்டகத் தலை’தான். கேடயத்தின் மேல் ஏதோ கோணல்மாணலாக ஓடியது, தேய்மானம் என்று நினைத்துக் கீழே வைக்கப் போனேன். பெரியவர் வாங்கி, விளக்குக்குப் பக்கவாட்டில் சாய்த்துக் காட்டினார். கேடயக் கோடுகளுக்கு நடுவே ஒரு மனிதத் தலையின் பின்பக்கம், விளிம்பை ஒட்டி ‘கனெக்’ என்ற எழுத்துகளில் பாதி. கனெக்டிகட் காசை எடுத்து, அதன் மேலேயே நியூ ஜெர்சி அச்சை அடித்திருக்கிறார்கள்!

காரணம் சுத்தமான வியாபாரம். 1789-இல் நியூயார்க்கில் செப்புக்காசின் மதிப்பு திடீரென்று சரிந்தது. நியூ ஜெர்சி காசு மட்டும் தன் மாநிலத்தில் ஓரளவு தாக்குப்பிடித்தது. மற்ற காசுகளை மலிவாக வாங்கி, குதிரைத் தலையை அடித்துவிட்டால் லாபம். செம்பை உருக்க வேண்டாம், தகடு வெட்ட வேண்டாம். காசில் 1787 என்று இருந்தாலும் இப்படி அடித்தது அதற்குப் பிறகுதான். எலிசபெத்டவுனில் மத்தியாஸ் ஆக்டன் இந்த வேலையைச் செய்தார். இவர் புரட்சிப் போரில் கர்னலாக இருந்தவர்.

அன்றிலிருந்து வழவழப்பான காசைவிட இப்படிப்பட்ட காசுதான் எனக்குப் பிடிக்கிறது. ஒரே ஒரு தொல்லை. ஊரிலிருந்து வந்திருந்த அம்மா அதைப் பார்த்துவிட்டு, “ஏம்ப்பா இவ்வளவு கறுத்துக் கிடக்கு, கொஞ்சம் புளி போட்டுத் தேய்ச்சுத் தரட்டா?” என்று கேட்டார். என் காசு டப்பா இப்போது பீரோவின் மேல்தட்டில் இருக்கிறது.

ஹார்ட்ஃபோர்டு, கனெக்டிகட்

அண்ணே, உங்கள் ஒட்டகம் ஏறி உட்கார்ந்திருப்பது எங்கள் ஊர்க் காசின் மேல்! 1785-இலிருந்து 1788 வரை இங்கே அடித்தவற்றில் முந்நூறுக்கும் மேல் அச்சு வகை உண்டு. ஹென்றி மில்லர் 1920-இல் போட்ட எண்களை வைத்துத்தான் பிரிக்கிறோம். அச்சு வெட்டியவர்களின் கைவேலையைப் பார்க்க வேண்டுமே! ‘ஆக்டோரி’ (லத்தீனில் ‘அதிகாரத்தால்’) என்று வர வேண்டிய இடத்தில் ‘ஆக்டோபி’, ‘ஆக்டோபை’ என்ற மாதிரி ஏதேதோ. ஒரு அச்சில் 1787-க்குப் பதில் 1877 என்று வெட்டிவிட்டு அதன் மேலேயே திருத்தியிருக்கிறார்கள். என்னிடம் இருப்பது ‘கொம்பு’ வகை: அச்சில் விழுந்த விரிசல் பெரிதாகி, மார்பிலிருந்து கொம்பு முளைத்ததுபோல் தெரியும். விரிசல் சிறிதாக இருக்கும் காசு முன்னால் அடித்தது, பெரிதாக இருப்பது பின்னால் அடித்தது. இந்த வரிசையைப் பிடிப்பதற்காகவே ஒரே வகையில் நாலைந்து வாங்கிவிட்டேன். வீட்டில் “எல்லாம் ஒண்ணுதானே” என்கிறார்கள்.

திருட்டுக் கதை வேறு உண்டு. 1787-இல் ஃப்யூஜியோ என்ற மத்திய அரசின் செப்புக்காசை அடிக்க, ஜேம்ஸ் ஜார்விஸ் என்ற ஒப்பந்தக்காரரிடம் அரசு டன் கணக்கில் செம்பைக் கொடுத்தது. அதில் பெரும்பகுதி கனெக்டிகட் காசாக மாறிப் போனது. ஆக, உங்கள் குதிரைக்கு அடியில் எங்கள் ஆள், எங்கள் ஆளுக்கு அடியில் அரசாங்கச் செம்பு இருந்தாலும் இருக்கும்.

லங்காஸ்டர், பென்சில்வேனியா

நான் மெட்டல் டிடெக்டர் ஆள். தெரிந்த விவசாயியிடம் கேட்டுக்கொண்டு, அறுவடை முடிந்ததும் அவர் வயலில் இறங்குவேன். கிடைத்தவற்றில் நல்லது ஒரு 1773 வர்ஜீனியா அரைப்பென்னி. மூன்றாம் ஜார்ஜ் முகம் பாதி போய்விட்டது. உரமும் ஈரமும் செம்பை அரித்துவிடுகின்றன. இதே காசு செக்கச்செவேலென்று விற்பனைக்கு வருவதைப் பார்த்து ஆச்சரியப்பட்டிருக்கிறேன். பால்டிமோரில் கோஹன் குடும்பத்தின் கையில் ஒரு பெரிய குவியல் புழங்காமலே கிடந்ததாம்.

பாஸ்டன்

ஃப்யூஜியோ பேச்சு வந்ததால் சொல்கிறேன். சூரியக் கடிகாரம், ‘உன் வேலையைப் பார்’ என்ற வாசகம், பின்பக்கம் பதின்மூன்று வளையம், எல்லாம் சரியாக இருந்த ஒரு காசை ஞாயிற்றுச் சந்தையில் ஒருவர் நீட்டினார். தராசில் வைத்தால் 7 கிராம்கூட வரவில்லை. சட்டப்படி 157.5 கிரெய்ன், அதாவது 10.2 கிராம் இருக்க வேண்டும். விளிம்பைச் சுற்றி வார்ப்புக் கோடு வேறு. நினைவுப்பொருளாக வார்த்தது. நகலில் ‘காப்பி’ என்று பொறிக்க வேண்டும் என்ற சட்டம் 1973-இல்தான் வந்தது. அதற்கு முந்தைய நகல்களில் அதை எதிர்பார்க்க முடியாது. எடிசன் நண்பரே, உங்கள் ஒட்டகம் எவ்வளவு எடை?

எடிசன், நியூ ஜெர்சி

8.9 கிராம். நியூ ஜெர்சி சட்டப்படி 150 கிரெய்ன், 9.7 கிராம் வர வேண்டும். ஆனால் மேலே அடித்த காசுக்கு அந்தக் கணக்கு செல்லாது, அடியில் இருந்த காசின் எடைதான் அதன் எடை. கனெக்டிகட் கணக்கு 144 கிரெய்ன், 9.3 கிராம். தேய்மானம் போக இது சரியாகவே வருகிறது. ஹார்ட்ஃபோர்டு தம்பி, விளிம்புப் படம் அனுப்புகிறேன், எந்த மில்லர் எண் என்று பார்த்துச் சொல்லுங்கள்.